பனி கருக்கிய கொழுந்து, பாலைவன வண்டு, துருவத்துப் புழு: எல்லாம் ஒரே தாகம்தானா?

லிந்துலை_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். மகன் தரம் 10 படிக்கிறான். பாலைவனத்திலும் துருவப் பகுதியிலும் வாழும் பூச்சிகளின் இசைவாக்கங்களை ஒப்பிட்டு ஒப்படை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கொப்பியின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் குளிர் என்று எழுதிக்கொண்டு போகிறான். ஒரு பக்கம் எழுதியதற்கு எதிர்ச்சொல்லைத் தேடி மறுபக்கம் போட்டால் வேலை முடிந்தது என்பது அவன் கணக்கு.

எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தை மாதம் நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குக் கீழே இருக்கும் பள்ளத்து மலையில் உறைபனி விழுந்தது. விடிய எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி வெள்ளை. வெயில் ஏறி அது உருகிய பிறகு தேயிலைக் கொழுந்தெல்லாம் கறுத்துச் சுருண்டுவிட்டது. வேலை முடிந்து வந்த அம்மா, "மூணு மாசம் மழை இல்லாத மாதிரி காஞ்சு கெடக்கு புள்ள" என்றார். ராத்திரி முழுக்க ஈரத்தில் நின்ற செடி எப்படிக் காயும் என்று கேட்டேன். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி போகவும் இல்லை.

குளிரும் ஒரு வகை வறட்சிதானா? அப்படியென்றால் பாலைவனத்து வண்டுக்கும் துருவத்துப் புழுவுக்கும் ஒரே பிரச்சினை அல்லவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகனும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறான்.

ஹட்டன்_டீச்சர்:

உங்கள் அம்மா கண்ணால் பார்த்துச் சொன்னது முழுக்கச் சரி தங்கச்சி.

தண்ணீர் உறையும்போது பனிக்கட்டிக்குள் தண்ணீர் மட்டும்தான் போகும். அதில் கரைந்திருந்த உப்பும் சீனியும் வெளியே தங்கிவிடும். இலையிலும் சரி, பூச்சியின் உடம்பிலும் சரி, பனிக்கட்டி பெரும்பாலும் முதலில் உருவாவது கலங்களுக்கு வெளியே. அங்கே உறையாமல் மிஞ்சிய திரவம் செறிவாகிக்கொண்டே போகும். செறிவான பக்கத்துக்குத் தண்ணீர் இழுபடும் என்பது உங்கள் மகனுக்குத் தெரியும், பிரசாரணம். உப்புத் தடவிய மீன் தண்ணீர் விட்டுக் கருவாடாகிற மாதிரி, கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறிக் கலம் சுருங்கிவிடும்.

துருவத்துப் பூச்சிகள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கின்றன. முதல் வழி, உறையட்டும் என்று விடுவது. ஆனால் எங்கே உறையலாம், எந்த வேகத்தில் உறையலாம் என்பதைப் பூச்சியே தீர்மானிக்கும். சில புரதங்களைக் கொண்டு, குளிர் கடுமையாவதற்கு முன்பே, கலங்களுக்கு வெளியே மெதுவாகப் பனிக்கட்டியைத் தொடங்கிவைக்கும். அலாஸ்காவில் வாழும் உப்பிஸ் என்ற கறுப்பு வண்டு இப்படி உறைந்து, -60 பாகை செல்சியஸ் வரை போய், வசந்தத்தில் எழுந்து நடக்கிறது. இரண்டாவது வழி, எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாமல் இருப்பது. பனிக்கட்டி தொடங்க இடம் கொடுக்கும் துகள்களைக் குடலிலிருந்து வெளியேற்றிவிட்டு, உறைவெதிர்ப்புப் புரதத்தையும் கிளிசரோலையும் உடம்பில் நிரப்பிக்கொள்ளும்.

கிளிசரோல் என்ன செய்கிறது என்று மகனுக்குக் காட்ட வேண்டுமானால் கித்துள் பாணிப் போத்தல் ஒன்றை இரவு முழுக்க பிரீசரில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீரும் வையுங்கள். காலையில் தண்ணீர் கல்லாகியிருக்கும், பாணி தடித்திருக்கும், ஆனால் கட்டியாகாது. குளிர்காலத்தில் அந்தப் பூச்சிகளின் இரத்தம் பாணி மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று. துருவம் என்றால் ஒரே பனியும் ஈரமும் என்று நாம் நினைக்கிறோம். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் விழும் மழையையும் பனியையும் கூட்டினாலும் 100 மில்லிமீற்றர் வராது. நுவரெலியாவில் 2000 மில்லிமீற்றரை நெருங்கும். துருவப் பாலைவனம் என்றே அந்த நிலங்களைச் சொல்கிறார்கள்.

மணல்காற்று:

அக்கா, நான் பொகவந்தலாவைதான். சவூதியில் லொறி ஓட்டி ஒன்பது வருசம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு லொறியை நிறுத்தினால் மணலில் எதுவுமே அசையாது. பல்லி கூடக் குழிக்குள் போய்விடும். அந்த நேரம் பார்த்து வெள்ளி பூசின மாதிரி எறும்பு வெளியே வரும். ஓடுகிறது என்று சொல்ல முடியாது, பாதரசம் சிந்தின மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றையும் காணோம். முதல் தடவை பார்த்தபோது வெயிலில் எனக்குத்தான் கண் மங்கிவிட்டது என்று பயந்தேன்.

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. அதே மணலில் விடியற்காலையில் வண்டுகளைப் பார்க்கிறேன், எல்லாம் கரிக்கட்டி மாதிரி கறுப்பு. நாங்கள் வெயிலுக்கு வெள்ளைச் சட்டை போடுகிறோம். அவை ஏன் கறுப்பு?

ஊவா_கச்சான்:

டீச்சர் சொன்ன கருவாட்டுக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "எல்லாம் தாகம்" என்று முடிப்பதை ஏற்க முடியாது. தம்பி சொன்ன அந்த வெள்ளி எறும்பே அதற்குச் சாட்சி.

சகாராவிலிருந்து அரேபியா வரை இருக்கும் அந்த எறும்புக்கு அந்த மதிய நேரத்தில் முதல் எதிரி சூடு. மணல் 60 பாகையைத் தாண்டும், உடம்பு சுமார் 53 பாகைக்கு மேல் போனால் எறும்பு செத்துவிடும். சூட்டில் புரதம் அவிழ்ந்துவிடும், அவித்த முட்டை மாதிரி. அதற்குத் தண்ணீர் இருந்தாலும் பயன் இல்லை. அதனால் இந்த எறும்பு புற்றைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே, புரதங்களைத் தாங்கிப்பிடிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்து வைத்துக்கொண்டுதான் வருகிறது. வெளியே வந்து சூடேறிய பிறகு செய்ய நேரம் இருக்காது. பல்லி உள்ளே போன பிறகு, தான் சாகும் சூடு வருவதற்கு முன், இந்த இடைவெளியில் சில நிமிடங்கள்தான் வேட்டை.

2019இல் அளந்தபோது அது நொடிக்கு 85 சென்ரிமீற்றருக்கு மேல் ஓடுவது தெரிந்தது, தன் உடம்பு நீளத்தைப் போல் சுமார் 108 மடங்கு. அதன் மயிர் முக்கோண வடிவம். வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, உடம்பின் சூட்டை வெப்பக் கதிராக வானத்துக்கு விட்டுவிடவும் அந்த மயிர் உதவுகிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள்.

இதை நம் ஊரில் எல்லோரும் அறிந்த ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள். உறைபனி எந்த இரவில் விழும்? வானம் தெளிந்து, காற்று அடங்கி, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் இரவில். மேகம் மூடினால் விழாது. புல்லும் கொழுந்தும் தங்கள் சூட்டைத் திறந்த வானத்துக்கு இழந்துவிடுவதால்தான் காற்றைவிட அதிகமாகக் குளிர்கின்றன. லிந்துலையில் கொழுந்தைக் கருக்கிய அதே வழியால்தான் சகாராவில் எறும்பு உயிர் தப்புகிறது. எனக்கு இது தெரிந்த அன்றைக்கு இரவு வெளியே வந்து நெடுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹட்டன்_டீச்சர்:

கச்சான் அண்ணன் சொல்வது பெரிய விசயம். வானத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மணல்காற்றுத் தம்பிக்கு: கறுப்பு வண்டு பற்றி ஆட்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஒரு நல்ல விளக்கம் இது. பாலைவனத்தில் விடியற்காலை குளிர். கறுப்பு உடம்பு முதல் வெயிலிலேயே சூடேறி நடமாடத் தொடங்கும், உச்சி வெயிலுக்கு முன் சாப்பிட்டு மணலுக்குள் புதைந்துவிடும். துருவத்துப் பூச்சிகளிலும் பல கறுப்பு அல்லது கரும்பழுப்பு. மகன் கோடு கிழித்த இரண்டு பக்கத்திலும் ஒரே நிறம் வருகிறது.

அந்த வண்டுகளில் பலவற்றின் மேலிறக்கைகள் ஒட்டிப்போய் மூடி மாதிரி இருக்கும், பறக்க முடியாது. மூச்சுத் துளைகள் அந்த மூடிக்குக் கீழே திறக்கின்றன. மூச்சோடு போகும் ஈரம் நேரே காற்றில் கலக்காமல் கொஞ்சமாவது உள்ளே தங்கும். உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு வேறு. பீக்குடலிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

நமீப் பாலைவனத்து வண்டைப் பற்றி மகன் கட்டாயம் எழுதுவான், அதனால் ஒரு திருத்தம். அங்கே மழை மிகக் குறைவு, ஆனால் அத்திலாந்திக் கடலின் குளிர் நீரோட்டத்தால் பனிமூட்டம் உள்ளே வரும். மணல் மேட்டின் உச்சியில் ஒரு வண்டு தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி மூட்டத்தைப் பார்த்து நிற்கும். முதுகில் ஒதுங்கும் துளிகள் வழிந்து வாய்க்கு வரும். உடம்பு எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஒரே காலையில் குடித்த வண்டுகள் உண்டு. 1976இல் இதை எழுதியவர்கள் பார்த்தது ஒனிமாக்ரிஸ் என்ற வண்டு. 2001இல் வேறொரு வண்டின், ஸ்டெனோகாராவின், முதுகுப் புடைப்புகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்து உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் தலைகீழாக நிற்பது ஒனிமாக்ரிஸ்தான். ஸ்டெனோகாரா அப்படி நிற்பதை யாரும் பார்த்ததாக இல்லை. இணையத்தில் பாதி இடங்களில் படமும் பெயரும் மாறிக் கிடக்கின்றன.

லிந்துலை_மகள்:

டீச்சர், வண்டு மூட்டத்தைக் குடிக்கிறது என்று வாசித்ததும் ஹோட்டன் சமவெளிக் காடு நினைவுக்கு வந்தது. மழையே இல்லாத நாளில், பாசி தொங்கும் மரத்துக்குக் கீழே போனால் தலையில் சொட்டும். பனிமூட்டத்தை மரம் பிடித்துக் கீழே விடுகிறது. வெளியே வெட்டவெளியில் நிலம் காய்ந்திருக்கும்.

மகன் கோட்டை அழித்துவிட்டான். ஆனால் கச்சான் அண்ணன் சொன்னதும் சரி, டீச்சர் சொன்னதும் சரி என்றால் என்ன எழுதுவது என்று கேட்கிறான்.

வடமுனை:

நான் ஹப்புத்தளையில் பிறந்தவள். கல்யாணமாகி நோர்வேயின் வட எல்லையில், பின்மார்க்கில் இருக்கிறேன். மீன் தொழிற்சாலையில் வேலை. துருவத்தை வெளியிலிருந்து பார்க்கிறீர்கள், உள்ளிருந்து ஒன்று சொல்ல விடுங்கள். இங்கே இல்லாமல் போவது முதலில் நேரம்.

உள்நாட்டில் கரஷோக் என்ற ஊரில் 1886இல் -51.4 பாகை பதிவானது, நோர்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். அப்படி ஒரு குளிர்காலம் முடிந்து பனி உருகினதும், நிலமெல்லாம் குட்டை. வடக்கே பல இடங்களில் அடிமண் ஆண்டு முழுக்க உறைந்தே இருப்பதால் உருகின தண்ணீர் கீழே இறங்காது. அதிலிருந்து கொசு கிளம்பும் பாருங்கள், முகத்தில் துணி கட்டாமல் வெளியே போக முடியாது. சில வாரங்கள்தான். அதற்குள் பிறந்து, குடித்து, முட்டையிட்டு முடிக்க வேண்டும். பூக்களில் சில சூரியனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே இருக்கும், கிண்ணம் மாதிரி வெயிலை நடுவில் குவிக்கும். பூச்சிகள் அந்தக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து குளிர்காயும். தேனுக்கு மேலாக அந்தச் சூட்டுக்காகவே சில பூச்சி வருகிறது.

பெரிய உரோமத் தேனீ ஒன்று இருக்கிறது, வெளியே சில பாகைக் குளிர் இருக்கும்போதே பறக்கும். இறக்கைத் தசையை இறக்கை அசையாமல் நடுக்கி உடம்பைச் சூடாக்கும். இராணித் தேனீ அந்தச் சூட்டை வயிற்றுக்கு இறக்கி முட்டைகளை அடைகாக்கும்.

என் மனதைத் தொட்டது எல்ஸ்மியர், கிரீன்லாந்துப் பக்கம் இருக்கும் கம்பளிப்புழு. அந்துப்பூச்சியாக மாற அதற்கு 7 ஆண்டுகள் ஆகிறது. முன்பு 14 ஆண்டுகள் என்று எண்ணியிருந்தார்கள், பிறகு திருத்தினார்கள். வாழ்நாளில் பத்தில் ஒன்பது பங்கு உறைந்து கிடக்கும், -70 பாகையையும் தாங்கும். பனி உருகும் யூனில் சில வாரங்கள் மட்டும் விழித்திருக்கும். அப்போதும் தின்பதற்குப் பாய்வதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் சுமார் 60 வீதம் வெயில் காய்வது, 20 வீதம் தின்பது, 20 வீதம் நகர்வது. வெயில் காய்ந்து சுற்றுக் காற்றைவிட 20 பாகை வரை உடம்பைச் சூடாக்கினால்தான் தின்ற வில்லோ இலை செரிக்கும். கோடை நடுவில், இலை இன்னும் இருக்கும்போதே, கூடு பின்னி ஒதுங்கிவிடும். அதற்குமேல் வெளியே இருந்தால் முட்டையிட வரும் ஒட்டுண்ணிக் குளவியும் ஈயும் பிடித்துக்கொள்ளும்.

தம்பியின் எறும்புக்குச் சில நிமிடம், இந்தப் புழுவுக்கு ஆண்டுக்குச் சில வாரம். இரண்டுக்கும் கதவு கொஞ்ச நேரம்தான் திறக்கிறது, வெளியே எதிரி நிற்கிறான். நான் ஒப்படை எழுதினால் அங்கேதான் தொடங்குவேன்.

மணல்காற்று:

வடமுனை அக்கா, கதவு என்று சொன்னீர்களே, அது என் எறும்புக்கு அப்படியே பொருந்துகிறது. அது திரும்பி வர நேரமே இல்லை. அதனால்தான் வீட்டுக்கு நேர்கோட்டில் வருகிறது. அதே பேரினத்துச் சொந்தக்கார எறும்புகளின் காலில் பன்றி மயிரை ஒட்டி நீட்டிப் பார்த்தார்கள், 2006இல். இரை எடுத்துத் திரும்பும்போது காலை நீட்டிவிட்டால், புற்றைத் தாண்டிப் போய்த் தேடியது. காலைக் குறைத்தால் புற்றுக்கு முன்பே நின்று தேடியது. அடியை எண்ணுகிறது! திசைக்கு வானத்து ஒளியைப் பார்க்கிறது.

ஊவா_கச்சான்:

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நேற்று இரவு முழுக்க யோசித்தேன். டீச்சரின் பக்கத்தை நான் நினைத்ததைவிடப் பலமாக்கும் ஒரு பூச்சி இருக்கிறது.

நைஜீரியா, உகண்டா பக்கம் வெயில் காயும் பாறைக் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கும், சில வாரத்தில் வற்றும். அதில் கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு சிறு பூச்சியின் குடம்பி, அதாவது புழுப் பருவம், வாழ்கிறது. பெயர் பொலிபெடிலம். குழி வற்றும்போது குடம்பியும் கூடவே வற்றும். உடம்பில் 3 வீதம் அளவே தண்ணீர் மிஞ்சும். தண்ணீர் போன இடத்தில் டிரெஹலோஸ் என்ற சீனி நிரம்பும், காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை. சீனிப்பாகு காய்ச்சி ஆற விட்டால் படிகமாகாமல் கண்ணாடி மிட்டாயாகிறதே, அப்படி அந்தக் குடம்பி உள்ளே கண்ணாடியாகிவிடுகிறது. 17 ஆண்டுகள் காய்ந்து கிடந்ததைத் தண்ணீரில் போட்டபோது உயிர்த்தது.

இப்போது கவனியுங்கள். வறட்சிக்காகத் தயாரான அந்தக் காய்ந்த குடம்பியை 102 பாகையில் ஒரு நிமிடம் வைத்தும் பார்த்தார்கள், -270 பாகைக்குக் கொண்டுபோயும் பார்த்தார்கள். இரண்டிலும் தப்பியது. அது பிறந்த இடத்தில் பனி என்பதே கிடையாது.

மறுபக்கம் அலாஸ்காவின் சிவப்புப் பட்டைவண்டு, குகுஜஸ். குடம்பி மரப்பட்டைக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கும். குளிர் வரும் முன் தன் தண்ணீரைத் தானே குறைத்துக்கொள்ளும், கிளிசரோலும் உறைவெதிர்ப்புப் புரதமும் செறியும். கடும் குளிரில் பனிக்கட்டியாகாமல் அதுவும் கண்ணாடியாகிவிடுகிறது. சில குடம்பிகளை -100 பாகை வரை கொண்டுபோயும் உறையவில்லை, 2010இல் வெளிவந்தது.

பாறைக் குழியில் காய்ந்ததும் கண்ணாடி, அலாஸ்காவில் குளிர்ந்ததும் கண்ணாடி. தண்ணீரை இழக்கக் கற்றுக்கொண்ட பூச்சிக்கு வெயிலும் குளிரும் ஒன்றாகிவிடுகிறது. ஓடித் திரியும் எறும்புக்கு இது உதவாது, அது உயிரோடு நடமாட வேண்டும். ஆகவே நான் பிரிப்பது இப்படி: விழித்திருக்கும் பூச்சிக்குச் சூடும் குளிரும் வேறு வேறு பிரச்சினை, தூங்கும் பூச்சிக்கு இரண்டும் தண்ணீர்ப் பிரச்சினை.

ஹட்டன்_டீச்சர்:

இதை நான் அடுத்த தவணை வகுப்பில் சொல்வேன் அண்ணா.

அந்தாட்டிக்காவின் பெல்ஜிகாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென் துருவக் கண்டத்துக்கே உரிய ஒரே பூச்சி, இறக்கை இல்லாத சிறு ஈ. இரண்டு ஆண்டுகள் குடம்பியாக இருந்து, நிறையுடலியாக ஒன்றிரண்டு கிழமைதான். உடம்புத் தண்ணீரில் 70 வீதம் போனாலும் பிழைக்கும். பனிக்கட்டிக்குள் கிடக்கும்போது மெல்ல மெல்லக் காய்ந்து, அதனாலேயே உறையாமல் தப்பும்.

கவ்வாத்துக்கத்தி:

பிள்ளைகளே, நான் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். நம் மலையை யாரும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று இருந்தது.

துருவத்துப் பூச்சிக்கு ஆறு மாதம் முன்னறிவிப்பு உண்டு. பகல் குறையும், அது தயாராகும். ஹோட்டன் சமவெளியில் பத்தனை என்ற மலைப் புல்வெளியில் இருக்கும் பூச்சிக்கு அது இல்லை. மாசியில் பகல் வெயில் முதுகை எரிக்கும், அன்று இரவே உறைபனி. காலை பத்து மணிக்கு மறுபடி வெயில். கிளிசரோல் நிரப்பிக்கொண்டு ஆறு மாதம் தூங்க அதற்கு வழி இல்லை, நாளைக்கு மறுபடி எழ வேண்டும்.

உறைபனி எல்லா மலையிலும் ஒரே மாதிரி விழாது. குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழிந்து தேங்கும். தோட்டத்தில் எந்தப் பள்ளம் கருகும் என்று பழைய கங்காணிமார்களுக்கு மனப்பாடம். பூச்சிக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு முழம் இடம் மாறினால் வேறு தேசம்.

டானியல் ஜான்சன் என்பவர் 1967இல் ஒரு கருத்து வைத்தார். வெப்ப வலயத்து உயிர்கள் ஆண்டு முழுக்க ஒரே அளவான சூட்டில் வாழ்வதால் சிறு மாற்றத்தையே தாங்கும், அதனால் அவற்றுக்கு மலை உண்மையிலேயே உயரம். அலாஸ்கா வண்டுக்கு ஆண்டில் 80, 90 பாகை ஏற்றத்தாழ்வு பழக்கம். நம் மலையுச்சியில் மட்டும் இருக்கும் பூச்சிக்குச் சூடு இரண்டு மூன்று பாகை கூடினால் மேலே ஏற இடம் இல்லை. எனக்கு உள்ளபடியே கவலை அதுதான். துருவத்தையும் பாலைவனத்தையும் படிக்கும் பிள்ளை, பீலிக்கரையிலும் தண்ணீர் ஓடும் கானிலும் புல்லடியிலும் இருப்பதையும் பார்க்கட்டும்.

மகனிடம் சொல்லுங்கள் தங்கச்சி. வானம் தெளிந்த இரவாகப் பார்த்து, சாதாரண வெப்பமானி மூன்றை வைக்கட்டும். ஒன்று இடுப்பளவு உயரத்தில், ஒன்று புல் நுனியில், ஒன்று பத்தனைப் புல்லின் கொத்துக்கு உள்ளே, அடியில். விடியுமுன் வாசிக்க வேண்டும், வெயில் ஏறினால் பயனில்லை.

லிந்துலை_மகள்:

ஐயா, நேற்று இரவு வானம் தெளிவாக இருந்தது. வெப்பமானி இரண்டுதான் கிடைத்தது, மூன்றாவது பக்கத்து லயத்தில் இரவல் வாங்கினோம். லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் வைத்தோம். மகன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஐந்து மணிக்கு என்னை எழுப்பினான்.

இடுப்பளவில் 3 பாகை. புல் நுனியில் பூச்சியத்துக்குக் கீழே 1, நுனியெல்லாம் வெள்ளை. கொத்துக்கு அடியில் 7.

கையால் புல்லை விலக்கினபோது, அடியில் காய்ந்த சருகுக்கு நடுவே ஒரு சின்னக் கறுப்பு வண்டு இருந்தது. டோர்ச் வெளிச்சம் பட்டதும் மெதுவாக ஒரு காலை இழுத்தது. மகன் புல்லைத் திரும்ப மூடிவிட்டு, கொப்பியில் முதல் வரியாக அதைத்தான் எழுதினான்.